எப்போது வரும் என்று தெரியாத முன்பதிவு மின்னூல்களுக்குப் பட்ஜெட் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனை எடுத்துப் பார்த்தேன். "நீங்கள் முன்பதிவு செய்த புத்தகம் வந்துவிட்டது" என்று இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. மூன்றாவது மின்னஞ்சல், "கட்டணம் எடுக்க முடியவில்லை, கார்டு விவரத்தைச் சரிபார்க்கவும்" என்றது. வந்த இரண்டில் ஒன்றை நான் முன்பதிவு செய்ததே மறந்துபோயிருந்தது, பதினோரு மாதம் ஆகிவிட்டதே. பணம் எடுபடாமல் போன மூன்றாவது புத்தகத்துக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தேன். கார்டைச் சரிசெய்வதற்குள் ஆர்டர் ரத்தாகிவிட்டது. மறுபடி வாங்கப் போனபோது முன்பதிவு விலை இல்லை, முழு விலைதான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பழக்கப்படுத்திக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குப் பெரிய கணக்கறிவு வேண்டாம். ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ போதும். அதோடு ஒரு விஷயம் மனதில் பதிந்திருக்க வேண்டும்: தள்ளிப்போன புத்தகத்தின் பணம் மிச்சமான பணம் அல்ல. முன்பதிவு பட்ஜெட்டில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கை சுடுகிறது.

முதலில்: பணம் எப்போது எடுக்கப்படுகிறது?

எல்லா முன்பதிவும் ஒரே மாதிரி இல்லை. கிண்டில், ஆப்பிள் புக்ஸ், கூகுள் ப்ளே புக்ஸ், கோபோ போன்ற பெரிய கடைகளில் மின்னூலை முன்பதிவு செய்தால் அன்றே பணம் போகாது, புத்தகம் வெளியாகும்போதுதான் எடுப்பார்கள். அதுவரை எந்தச் செலவும் இல்லாமல் ரத்து செய்துகொள்ளலாம். அதனால் இதை வாங்கிய பொருளாக எண்ண வேண்டாம். தவணைத் தேதி குறிக்காத கடன் என்று எண்ணிக்கொண்டால்தான் கணக்கு சரியாக வரும்.

சிறிய பதிப்பகங்கள் தங்கள் சொந்தத் தளத்தில் விற்கும்போது சில சமயம் ஆர்டர் போட்ட உடனேயே முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான கூட்டுநிதித் திட்டங்களில் (பலரிடம் பணம் திரட்டிப் புத்தகம் கொண்டுவருவது) நடப்பதே வேறு. அங்கே திட்டம் இலக்கை எட்டினால், பிரசாரம் முடியும்போது பணம் எடுக்கப்படும். புத்தகம் அதற்குப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். அந்தப் பணத்தை எடுத்த அன்றே செலவாக எழுதி முடித்துவிடுங்கள். அந்தப் புத்தகம் எவ்வளவு தாமதமானாலும் உங்கள் பட்ஜெட்டை மறுபடி தொடாது. இந்த வழிகாட்டி முழுக்க முதல் வகையைப் பற்றித்தான்.

படி 1: எல்லா முன்பதிவையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்

இது அலுப்பான வேலைதான், ஒரே தடவை உட்கார்ந்து முடித்துவிடலாம். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கடையிலும் ஆர்டர் பக்கத்தைத் திறந்து, இன்னும் வராத புத்தகங்களைப் பார்த்து எழுதுங்கள். பழைய கடைகளை விட்டுவிட வேண்டாம். எப்போதோ ஒரு தள்ளுபடிக்காகக் கணக்குத் தொடங்கி, பிறகு மறந்துபோன கடையில்தான் ஏதாவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். மின்னஞ்சலில் "முன்பதிவு" என்று தேடினாலும் சில அகப்படும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுத வேண்டியவை: பெயர், கடை, ஆர்டர் போட்ட அன்றைய விலை, கடை சொல்லும் தேதி, எந்தக் கார்டில் இருந்து பணம் போகும், அந்தக் கார்டு எப்போது காலாவதியாகிறது. கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் ஒரு வருடம் முன்னதாகப் பதிவு செய்யும் புத்தகத்துக்கு நடுவில் கார்டே மாறிவிட வாய்ப்பு இருக்கிறது. பணம் இருந்தும் புத்தகம் கைநழுவிப் போகக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விலையை எழுதும்போது ஆர்டர் போட்ட நாளின் விலையையே எழுதுங்கள். அமேசானில் முன்பதிவு விலைக்கு உத்தரவாதம் உண்டு. நீங்கள் ஆர்டர் போட்ட நாளுக்கும் வெளியீட்டு நாளுக்கும் நடுவில் விலை குறைந்தால், அந்தக் குறைந்த விலையைத்தான் எடுப்பார்கள். அதை முன்கூட்டியே எதிர்பார்த்துக் குறைத்து எழுத வேண்டாம். குறைந்தால் அந்த வித்தியாசம் உங்களுக்கு லாபம், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணத்தில் விலை போட்டிருக்கும் கடையாக இருந்தால், மாற்று விகிதம் பணம் எடுக்கும் நாளை ஒட்டித்தான் கணக்கிடப்படும். விலை உத்தரவாதம் இதைக் காப்பாற்றாது. கார்டு நிறுவனத்தின் கட்டணமும் வரியும் மேலே சேரலாம். நான் அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டியே எழுதுகிறேன்.

படி 2: தேதியை நம்பலாமா என்று பாருங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இந்தப் படிதான், நிதானமாகச் செய்யுங்கள். கடை காட்டும் தேதிகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. சில தேதிகளைப் பதிப்பாளர் யோசித்துக் குறித்திருப்பார். சில தேதிகள், தேதிக்கான கட்டத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் என்பதற்காகப் போட்டவை. நான் மூன்று பெயர் வைத்திருக்கிறேன்: உறுதி, ஊசல், யூகம்.

உறுதி என்றால், பழக்கப்பட்ட பதிப்பகம், அட்டைப்படம் வந்துவிட்டது, பக்க எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள், பதிப்பகத் தளத்திலும் கடையிலும் ஒரே தேதி இருக்கிறது. இங்கே ஒரு நல்ல அடையாளம் உண்டு. அமெரிக்கப் பெரிய பதிப்பகங்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளிலும், பிரிட்டிஷ் பதிப்பகங்கள் வியாழக்கிழமைகளிலும் புத்தகம் வெளியிடுகின்றன. எனவே ஒரு பெரிய அமெரிக்கப் பதிப்பகத்தின் நாவலுக்கு ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டிருந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

யூகம் அதற்கு நேர் எதிர். டிசம்பர் 31 என்றோ, ஏதோ ஒரு மாதத்தின் கடைசி நாள் என்றோ தேதி இருக்கும். அட்டைப்படம் இருக்காது, புத்தகத்தைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இருக்காது. இப்படிப்பட்ட தேதிகள் பெரும்பாலும் இடத்தை நிரப்ப வைத்தவை. இவற்றில் இருக்கும் ஆபத்து தாமதம் மட்டும் அல்ல. உண்மையான தேதி முடிவாகும்போது, டிசம்பர் 31 என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்த புத்தகம் திடீரென்று மார்ச் மாதத்திலேயே வந்து நிற்கலாம்.

நடுவில் இருப்பது ஊசல். சுயமாக வெளியிடும் எழுத்தாளர்களின் புத்தகங்களில் பல இதில் வரும். கிண்டிலில் இவர்கள் ஒரு வருடம் முன்னதாகவே முன்பதிவைத் திறக்கலாம். எழுதி முடித்த இறுதிப் பிரதியை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பு ஏற்றிவிட வேண்டும். முடியவில்லை என்றால் ஒரே ஒரு தடவை, 30 நாள் வரைக்கும் தண்டனை இல்லாமல் தள்ளிவைக்கலாம். அதற்கு மேல் தள்ளினாலோ ரத்து செய்தாலோ, ஒரு வருடத்துக்கு வேறு புத்தகத்துக்கு முன்பதிவு வைக்கும் உரிமை போய்விடும். வாசகருக்கு இது ரொம்பப் பயனுள்ள தகவல். கிண்டிலில் ஒரு சுயவெளியீட்டுப் புத்தகம் ஏப்ரல் 10 என்று இருந்தால், அது ஏப்ரல் 10 முதல் மே 10 வரைக்குள் எப்போதாவது வரும் என்று எழுதிக்கொள்ளலாம். ஒருமுறை ஏற்கெனவே தள்ளியிருந்தால், இனி வந்தால் அந்தத் தேதியில் வரும், இல்லாவிட்டால் ரத்தாகும் என்று எதிர்பார்க்கலாம்.

படி 3: யூகப் புத்தகங்களை முன்பதிவில் இருந்து எடுத்துவிடுங்கள்

சிலருக்கு இது வருத்தமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அச்சுப் புத்தகத்தை முன்பதிவு செய்வதற்கு ஒரு காரணம், முதல் பதிப்பு தீர்ந்துபோகலாம் என்ற பயம். மின்னூல் தீர்ந்துபோவதில்லை. வெளியான நாளிலும் கிடைக்கும், அடுத்த வாரமும் கிடைக்கும்.

அப்படியானால் மின்னூலை எதற்காக முன்பதிவு செய்ய வேண்டும்? எனக்குத் தெரிந்து மூன்று நல்ல காரணங்கள். முன்பதிவு விலை குறைவாக இருக்கிறது, வெளியான பிறகு ஏறும் என்று எழுத்தாளரே சொல்லியிருக்கிறார். அல்லது, எழுத்தாளருக்குத் துணைநிற்க விரும்புகிறீர்கள், பல விற்பனைப் பட்டியல்களில் முன்பதிவுகள் முதல் வார விற்பனையோடு சேர்ந்து எண்ணப்படும் என்பதால் அது அவருக்கு உண்மையிலேயே உதவும். அல்லது, வெளியான நிமிடமே படிக்க வேண்டும் என்ற ஆசை. ஆசையும் நல்ல காரணம்தான், அதற்காகத்தானே படிக்கிறோம்.

தேதியே இல்லாத புத்தகத்துக்கு இந்த மூன்றில் எதுவும் அவசரமாகப் பொருந்தாது. அதை விருப்பப் பட்டியலில் போட்டுவையுங்கள், எழுத்தாளரின் செய்திமடலில் சேர்ந்துகொள்ளுங்கள். நிஜத் தேதி அறிவித்த பிறகு முன்பதிவு செய்தாலும் அந்த முதல் வாரக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கும். விலை மிகக் குறைவாக இருக்கிறது, விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் முழு விலையை, ஒதுக்கி வைக்க வேண்டிய தொகையில் இன்றே சேர்த்துவிட வேண்டும். அதைச் செய்ய முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள்.

படி 4: தனி உண்டியல், மாதத் தொகை

புத்தகத்துக்கென்று தனியாக ஒரு உண்டியல் வேண்டும். வங்கியில் துணைக் கணக்கு, தனி வாலட், நோட்டில் ஒரு பக்கம், எதுவானாலும் சரி. வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. கடையின் கிஃப்ட் கார்டு இருப்பில் பணத்தைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. கட்டுப்பாட்டுக்கு அது நல்ல வழிதான், ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முன்பதிவுக்கு அந்த இருப்பில் இருந்து எடுப்பார்களா என்பது கடைக்குக் கடை மாறும். இன்னொன்று, கடைகளும் மூடப்படுவது உண்டு. 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் வாசகர்களிடம் இருந்து போய்விட்டன. அவர்கள் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், எல்லோரும் அப்படித் தருவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இரண்டு மூன்று புத்தகத்துக்கு மேல் கடை இருப்பில் முடக்க வேண்டாம்.

இனி கணக்கு. ஒரு சிறிய பட்டியலை எடுத்துப் பார்ப்போம். எண்களை உங்கள் ஊர்ப் பணமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் புத்தகம், விலை 12, இரண்டாம் மாதம், உறுதி. இரண்டாவது, விலை 5, நான்காம் மாதம், சுயவெளியீடு, ஊசல். மூன்றாவது, விலை 10, ஆறாம் மாதம், உறுதி. நான்காவது, விலை 9, வருடக் கடைசித் தேதி, யூகம், ஆனால் விலை மலிவு என்பதால் விடவில்லை. ஐந்தாவது, விலை 14, கடையில் தேதி மூன்று முறை மாறிவிட்டது, எனவே முன்பதிவை ரத்து செய்து விருப்பப் பட்டியலுக்கு அனுப்பியாயிற்று.

மாதம் 6 எடுத்து வைக்கிறீர்கள். இரண்டாம் மாதம் உண்டியலில் 12 இருக்கும், முதல் புத்தகம் வந்து அதை எடுத்துக்கொள்கிறது. நான்காம் மாதம் மறுபடி 12. இப்போது இரண்டாவது புத்தகம் வர வேண்டும். எழுத்தாளர் தள்ளிவைத்துவிட்டார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உண்டியலில் 12 இருக்கிறது, இந்த மாதம் எதுவும் வரவில்லை. கையில் பணம் மிஞ்சிவிட்டது போல் தோன்றும். அதே வாரத்தில் ஏதோ ஒரு தள்ளுபடி விற்பனை வரும், 10க்கு மூன்று நல்ல புத்தகங்கள் கிடைக்கும், வாங்கிவிடுவோம். உண்டியலில் 2. ஐந்தாம் மாதம் 8, ஆறாம் மாதம் 14. ஆறாம் மாதத் தொடக்கத்தில், தள்ளிப்போன இரண்டாவது புத்தகமும் உறுதியான மூன்றாவது புத்தகமும் சேர்ந்து வருகின்றன: 15. ஒன்று குறைகிறது. எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதேதான்.

அந்தத் தள்ளுபடியைத் தொடாமல் இருந்திருந்தால்? ஆறாம் மாதம் உண்டியலில் 24 இருந்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் வந்த பிறகு 9 மிச்சம். வருடக் கடைசி என்றிருந்த நான்காவது புத்தகம் எதிர்பாராமல் அதே மாதத்திலேயே வந்துவிட்டாலும், அதன் விலையும் 9தான், சரியாகப் போதும். மாதம் 6 என்ற அதே தொகைதான் இதற்கும். இடையில் எதையும் எடுக்கவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

படி 5: பூட்டிய பணம், திறந்த பணம்

எனவே உண்டியலுக்குள் இரண்டு பிரிவு வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவில் இருக்கும் எல்லாப் புத்தகங்களின் விலையையும் கூட்டினால் வருவது பூட்டிய தொகை. உண்டியலில் அதற்கு மேல் இருப்பது மட்டும்தான் திறந்த பணம். தள்ளுபடி விற்பனை வரும்போது திறந்த பணத்தில் மட்டும் கைவையுங்கள். உண்டியல் இன்னும் பூட்டிய தொகையை எட்டவில்லை என்றால் திறந்த பணம் என்று ஒன்று இல்லை.

மேலே பார்த்த கணக்கில், நான்காம் மாதம் பூட்டிய தொகை 5, 10, 9 சேர்ந்து 24. உண்டியலில் இருந்தது 12. ஆகவே செலவழிக்க ஒன்றுமே இல்லை. மிஞ்சியது போல் தெரிந்தது கண்ணுக்கு மட்டும்தான்.

இதில் இருந்து இன்னொரு வரம்பும் கிடைக்கிறது. மாதத் தொகை 6 என்றால், பூட்டிய தொகை எப்போதும் அதன் நான்கு மடங்கான 24ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு என்பது என் அனுபவத்தில் வசதியாக அமைந்த எண். பெரும்பாலான புத்தகங்கள் உறுதி வகை என்றால் ஆறு மடங்கு வரைகூடப் போகலாம், ஊசல் நிறைய இருந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். இந்தக் கணக்கில் நான்காம் மாத நிலவரப்படி வரம்பு நிறைந்துவிட்டது. புதிதாக ஒன்றைப் பதிவு செய்ய ஆசை வந்தால், பட்டியலில் உள்ள ஒன்றை ரத்து செய்ய வேண்டும். ஏதோ ஒரு நள்ளிரவில் விளம்பரம் பார்த்துப் பதிவு செய்த புத்தகங்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

படி 6: மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்

உண்டியலில் பணம் போடும் நாளையே இதற்கு வைத்துக்கொண்டால் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆர்டர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு தேதியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதிய தேதியை எழுதுங்கள். ஒரு புத்தகத்துக்கு எதிரே நான்கு தேதிகள் வரிசையாக நிற்கும்போது, அது எந்த வகை என்று யாரும் சொல்லாமலே தெரியும். இரண்டு முறை மாறினால் அது யூகம், படி 3 சொல்வதைச் செய்யுங்கள்.

அடுத்த இரண்டு மாதத்தில் வரவேண்டிய புத்தகங்களைத் தனியாகப் பாருங்கள். அவற்றுக்கு மட்டும் பணம் உண்டியலில் முழுதாக இருக்கிறதா, கார்டு அதுவரை செல்லுபடியாகுமா, கார்டில் தினசரி வரம்போ வெளிநாட்டுப் பரிவர்த்தனைத் தடையோ இருக்கிறதா? ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குவிந்தால், வெளியீட்டுக்கு முன்பே ஒன்றை ரத்து செய்துவிட்டு அடுத்த மாதம் வாங்குங்கள். எதை ரத்து செய்வது? விலை ஏறாது என்று தெரிந்ததை. சுயவெளியீட்டு எழுத்தாளரின் அறிமுக விலைப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பதிப்பகத்தின் முழு விலைப் புத்தகம் அடுத்த மாதமும் பெரும்பாலும் அதே விலையில்தான் இருக்கும்.

அப்புறம், நூலகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நூலக மின்னூல்களை இரவல் வாங்கிப் படிக்க உதவும் லிப்பி செயலியில் பல நூலகங்கள் வெளியாகாத மின்னூல்களையும் வாங்கிப் பட்டியலில் வைத்திருக்கும், அவற்றுக்கு முன்கூட்டியே வரிசையில் பெயர் கொடுக்கலாம். ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றும் புத்தகங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

புத்தகம் வந்த நாளில்

மின்னஞ்சல் வந்ததும் எடுத்த தொகையைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எழுதி வைத்ததைவிடக் குறைவாக எடுத்திருந்தால் வித்தியாசம் திறந்த பணம். கூடுதலாக எடுத்திருந்தால் மாற்று விகிதமா, வரியா என்று பாருங்கள். அடுத்த தடவை எவ்வளவு கூட்டி எழுத வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். மறந்துபோய் ஒரே புத்தகத்தை இரண்டு கடைகளில் பதிவு செய்திருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். தவறுதலாக வாங்கிய மின்னூலைக் கிண்டிலில் 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க முடியும், ஆனால் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் செய்வதுதான் முறை.

பணம் எடுபடவில்லை என்று மின்னஞ்சல் வந்தால் அதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் உயிரோடு இருக்கும்போதே கார்டைச் சரிசெய்தால் முன்பதிவு விலையைக் காப்பாற்றலாம். என் பட்டியலின் மேல் மூலையில் மாற்றுக் கார்டின் கடைசி நான்கு எண்களை எழுதி வைத்திருக்கிறேன், கடைக் கணக்கிலும் அதை ஏற்கெனவே சேர்த்தாயிற்று. போன மாதம் ஒரு புத்தகத்துக்கு முதல் கார்டு மறுக்கப்பட்டது. இரண்டாவது கார்டுக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிரவே இரண்டு அத்தியாயம் படித்துவிட்டேன்.